காகிதத்தைச் சிதைக்கும் பாக்டீரியாவை மண்ணிலிருந்து பிரித்தெடுப்பது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் முதல் புராஜெக்ட்டாகச் செல்லுலோஸ் சிதைக்கும் பாக்டீரியாவை எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். மண் எங்கும் கிடைக்கிறது, பாக்டீரியா அதில் இருக்கிறது, செலவும் அதிகம் ஆகாது என்று நம்பித்தான் இறங்குகிறோம். சில மாதம் போன பிறகு, வளர்ப்புத் தட்டில் சாயம் ஊற்றினால் அழகாக வளையம் காட்டும் பாக்டீரியா ஒன்று கைக்கு வந்துவிடும். ஆனால் அதனிடம் ஒரு துண்டு வடிதாளைக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. இந்த இடத்தில் சிக்கி வெளியே வர நான் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நம் எதிராளியான செல்லுலோஸைப் பற்றிக் கொஞ்சம். காகிதத்தில் இருப்பது பெரும்பாலும் அதுதான். செடியின் செல்சுவரில் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் மூன்றும் பின்னிக்கிடக்கின்றன. ஸ்டார்ச், செல்லுலோஸ் இரண்டுமே குளுக்கோஸ் சங்கிலிகள்தான். ஆனால் ஸ்டார்ச்சில் இருப்பது ஆல்ஃபா பிணைப்பு, செல்லுலோஸில் இருப்பது பீட்டா 1,4 பிணைப்பு. இந்த ஒரு வித்தியாசத்தால் செல்லுலோஸ் சங்கிலி வளையாமல் நேராக நீள்கிறது. பக்கத்துச் சங்கிலிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகி, பல இடங்களில் படிகமாகவே ஆகிவிடுகிறது. அதை உடைக்கப் பொதுவாக மூன்று வகை நொதிகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். எண்டோகுளுக்கனேஸ் சங்கிலியின் நடுவில் வெட்டும். எக்ஸோகுளுக்கனேஸ் வெட்டிய நுனியிலிருந்து செல்லோபயோஸ் என்ற இரட்டைச் சர்க்கரையாகக் கழற்றும். பீட்டா குளுக்கோசிடேஸ் அந்த இரட்டையைத் தனித்தனிக் குளுக்கோஸாகப் பிரிக்கும். முதல் நொதி மட்டும் உள்ள பாக்டீரியாவும் நீங்கள் செய்யப்போகும் முதல் சோதனையில் தேறிவிடும். சிக்கலே அங்குதான். கீழே 6, 7 ஆகிய படிகளில் இதை விரிவாகச் சொல்கிறேன்.

1. அனுமதி வேலைகளை முதலில் முடியுங்கள்

மண்தானே என்று எடுத்துவந்துவிட்டு, அப்புறம் அனுமதிக்கு அலையாதீர்கள். ஆய்வேட்டையோ கட்டுரையையோ சமர்ப்பிக்கும்போது கேட்பார்கள். அப்போது பழைய தேதியிட்டு எதையும் வாங்க முடியாது.

நிலம் தனியாருடையது என்றால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். பாதுகாக்கப்பட்ட காடு என்றால் வனத்துறையின் அனுமதி. இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும் என்பதால் விண்ணப்பத்தை எல்லாவற்றுக்கும் முன்பே போட்டுவிடுங்கள். மண் நாட்டின் எல்லையைத் தாண்டப்போகிறது என்றால் தாவரத் தனிமைப்படுத்தல் விதிகள் வரும். பெரும்பாலான நாடுகள் மண்ணை உரிமம் இல்லாமல் உள்ளே விடுவதில்லை. இன்னொரு நாட்டின் மண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியாவைப் பயன்படுத்துவதாக இருந்தால், 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையின்படி அந்த நாட்டின் ஒப்புதல் தேவையா என்று பாருங்கள். இரண்டு ஆய்வகங்களுக்கு இடையே மாதிரி கைமாறினால் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் போட வேண்டியிருக்கும்.

உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மண்ணில் டெட்டனஸ், ஆந்த்ராக்ஸ் போன்ற நோய்களை உண்டாக்கும் பாக்டீரியாவும் வாழ்கிறது. பெயர் தெரியாத காலனியை ஆபத்தானது என்று வைத்துக்கொண்டுதான் கையாள வேண்டும். காங்கோ ரெட் சாயம், பூஞ்சையைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடு, சர்க்கரையை அளக்கும் டிஎன்எஸ் கரைசலில் உள்ள ஃபீனால் மூன்றும் நச்சுப் பொருள்கள். அவற்றின் பாதுகாப்புத் தரவுத் தாள்களை அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள்.

2. மண்ணை எங்கே, எப்படி எடுப்பது

கண்ட இடத்து மண்ணைவிட, சருகு மக்கிக்கொண்டிருக்கும் இடத்து மண் பல மடங்கு பலன் தரும். மேல் சருகை ஒதுக்கிவிட்டு, அதற்குக் கீழே 10 செ.மீ. ஆழம் வரை எடுங்கள். மக்கும் மரக்கட்டையின் அடி, உரக்குவியலின் உட்பகுதி ஆகியவையும் நல்ல இடங்கள். சூடான உரக்குவியலிலிருந்து எடுத்தால் வெப்பம் விரும்பும் இனங்கள் கிடைக்கும். ஆனால் இன்குபேட்டரை 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்க வேண்டும், தட்டும் சீக்கிரம் காய்ந்துபோகும். முதல் தடவைக்கு அது வேண்டாம்.

கால அவகாசம் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு: தூண்டில் போடுவது. வடிதாளையோ சாயமில்லாத பருத்தித் துணியையோ சிறு துண்டுகளாக நறுக்கி, நைலான் வலைப்பையில் போட்டு, மண்ணில் சில செ.மீ. ஆழத்தில் புதைத்து வையுங்கள். மூன்று நான்கு வாரம் கழித்து எடுத்தால், சில துண்டுகளில் மஞ்சளாகவும் பழுப்பாகவும் வழவழப்பான திட்டுகள் இருக்கும். விரலால் தொட்டாலே அந்த இடம் பிய்ந்து வரும். அந்தத் திட்டிலிருந்து தொடங்குங்கள். செல்லுலோஸைத் தேடி வந்த உயிர்கள் ஏற்கெனவே கூடியிருக்கும் இடம் அது.

மாதிரியை எடுத்தவுடன் பையின் மேலேயே எழுதுங்கள்: தேதி, நேரம், அட்சரேகை தீர்க்கரேகை, ஆழம், மேலே என்ன செடி இருந்தது. நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மரபணு வரிசையைப் பதிவு செய்யும்போது இந்த விவரங்களைத்தான் கேட்பார்கள். 4 டிகிரியில் வைத்து, முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்குங்கள். உறைய வைக்கக் கூடாது. ஒரு பகுதியை 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி ஈரப்பதத்தையும், இன்னொரு பகுதியில் பிஎச் அளவையும் குறித்துவிடுங்கள்.

3. ஊடகம்: எளிமையாக இருக்கட்டும்

ஒரு லிட்டர் நீருக்கு சோடியம் நைட்ரேட் 0.5 கிராம், டைபொட்டாசியம் பாஸ்பேட் 1 கிராம், மெக்னீசியம் சல்பேட் 0.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.5 கிராம், இரும்பு சல்பேட் 0.01 கிராம். பிஎச் 7.2. பழைய டுபோஸ் உப்புக் கலவைதான் இது. இன்றும் நன்றாக வேலை செய்கிறது. இதில் கார்பன் கிடையாது, அதை வடிதாளாகவோ சிஎம்சியாகவோ (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், நீரில் கரையும் செல்லுலோஸ் வகை) நீங்கள் சேர்க்க வேண்டும்.

நைட்ரஜனைக் குறைத்துவிடாதீர்கள். செல்லுலோஸில் நைட்ரஜன் துளியும் இல்லை. உப்பில் அது தீர்ந்தால் பாக்டீரியா அப்படியே நின்றுவிடும். அதற்காக ஈஸ்ட் சாற்றைத் தாராளமாகச் சேர்ப்பதும் தவறு. அதைத் தின்றே எல்லா உயிர்களும் கொழுத்துவிடும், செல்லுலோஸை யாரும் தொடமாட்டார்கள். லிட்டருக்கு 0.1 கிராம் போதும்.

தட்டில் ஊற்றும் ஊடகத்துக்கு, மேலே சொன்ன உப்புகளோடு லிட்டருக்கு சிஎம்சி 10 கிராம், ஊடகத்தைக் கெட்டியாக்கும் அகார் 15 கிராம். சிஎம்சியை மொத்தமாக நீரில் கொட்டினால் வெளியே வழுக்கலும் உள்ளே காய்ந்த மாவுமாகக் கட்டி கட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. நீரை வெதுவெதுப்பாக்கி, காந்தக் கலக்கியை வேகமாகச் சுழலவிட்டு, சுழலின் ஓரத்தில் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். ஒரு சிட்டிகை கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகுதான் அடுத்தது. எல்லாம் கரைந்த பிறகு அகார். ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 நிமிடம். 50 டிகிரிக்கு ஆறிய பிறகு ஊற்றுங்கள். ஊற்றிய தட்டுகளைப் பயன்படுத்தும் முன் மூடியைச் சற்றே திறந்து ஈரம் போக உலர்த்துவது முக்கியம். இல்லையென்றால் பேசில்லஸ் இனங்கள் தட்டு முழுவதும் படர்ந்து மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.

4. செறிவூட்டல்: இதைத் தவிர்க்காதீர்கள்

நேரடியாக மண்ணைக் கரைத்துத் தட்டில் பரப்புவது வேகமான வழி. ஆனால் ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றன. அவற்றில் கடினமான செல்லுலோஸைத் தின்பவை சிறுபான்மை. வேகமாக வளரும் மற்றவைதான் தட்டை நிரப்பும். அதனால் முதலில் தாளையே உணவாகக் கொடுத்து, அதைத் தின்பவற்றைப் பெருக்க வேண்டும்.

250 மி.லி. குடுவையில் மேலே சொன்ன டுபோஸ் உப்புக் கரைசல் 100 மி.லி., வடிதாள் துண்டுகள் அரை கிராம், மண் ஒரு கிராம். 30 டிகிரி, மெதுவான ஷேக்கர். தாள் கிழிந்து கூழாகத் தொடங்கும்போது, அதில் 5 மி.லி. எடுத்துப் புதிய குடுவைக்கு மாற்றுங்கள். இப்படி மூன்று முறை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும்.

மாற்றும்போது தெளிந்த நீரை மட்டும் எடுத்தால், உங்களுக்கு வேண்டியவை பின்தங்கிவிடும். அவை தாளின் நாரில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. சைட்டோஃபாகா போன்றவை நாரைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதைச் சிதைக்கும். எனவே நாரையும் சேர்த்து எடுங்கள். பாக்டீரியா போடாத குடுவை ஒன்றையும் கட்டாயம் அருகிலேயே ஆட்டுங்கள். ஷேக்கரின் அசைவிலேயே தாள் கிழியக்கூடும். கன்ட்ரோல் குடுவையில் தாள் முழுதாக இருந்தால்தான் உங்கள் குடுவையில் நடந்தது பாக்டீரியாவின் வேலை.

மூன்றாவது சுற்று முடிந்ததும் ஒரு வேலை செய்யுங்கள்: அந்தக் கலவையிலேயே 20 சதவீதக் கிளிசரால் சேர்த்து, சில குப்பிகளை மைனஸ் 80 டிகிரியில் போட்டுவிடுங்கள். தனித்தனியாகப் பிரித்த பிறகு ஒன்றும் தாளைச் சிதைக்காமல் போகும் வாய்ப்பு உண்டு. கூட்டாகச் செய்ததைத் தனியாகச் செய்ய முடியாத இனங்கள் ஏராளம். அப்போது திரும்பிப்போக இந்தக் குப்பிதான் ஒரே வழி.

5. தட்டில் பிரிப்பது

0.85 சதவீத சோடியம் குளோரைடு நீரில் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, நான்காவது முதல் ஆறாவது நீர்ப்பு வரை 0.1 மி.லி. வீதம் பரப்புங்கள். பூஞ்சை தொல்லை தந்தால் சைக்ளோஹெக்சிமைடு சேர்க்கலாம். அது பூஞ்சையைத் தடுக்கும், பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. மனிதருக்கும் நச்சு என்பதால் கையுறை இல்லாமல் தொடவேண்டாம்.

பலர் மூன்றாம் நாளே காலனிகளை எண்ணி முடித்துத் தட்டைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். ஸ்ட்ரெப்டோமைசஸ் போன்றவை தலைகாட்டவே ஒரு வாரம் ஆகும், சில நேரம் இரண்டு வாரம். மண் வாசனையோடு, தட்டில் வேர்விட்டதுபோல் அழுந்தி நிற்கும் பொடிப்பொடியான காலனிகள் அவை. செல்லுலோஸ் வேலையில் கெட்டிக்காரர்கள். அவர்களுக்காகக் காத்திருங்கள்.

சிஎம்சி இல்லாத வெறும் அகார் தட்டிலும் அதே நீர்ப்பைப் பரப்பி வையுங்கள். அகாரிலுள்ள அசுத்தங்களை வைத்தே பிழைக்கும் பாக்டீரியா உண்டு. தட்டில் வளர்ந்தது என்பதால் மட்டும் அது செல்லுலோஸைத் தின்றது என்று ஆகாது.

ஒவ்வொரு காலனியையும் குறைந்தது மூன்று முறை புதிய தட்டில் கோடுகளாக இழுத்துப் பரப்பி (கோடிட்டு) தூய்மைப்படுத்துங்கள். கடைசியில் சத்தான ஊடகத்திலும் ஒருமுறை கோடிட்டுப் பாருங்கள். செல்லுலோஸைச் சிதைப்பவர் விடும் சர்க்கரையை நம்பி ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு இனம், சிஎம்சி தட்டில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்துவிட்டு இங்கே வெளிப்பட்டுவிடும்.

6. வளையச் சோதனை: வடிகட்ட மட்டும்

சாயம் ஊற்றினால் அந்தத் தட்டின் காலனிகள் பெரும்பாலும் வீண்தான். அதனால் முதலில் ஒவ்வொன்றுக்கும் நகல் தட்டு எடுத்துவிடுங்கள்.

காங்கோ ரெட் 0.1 சதவீதக் கரைசலைத் தட்டில் ஊற்றி 15 நிமிடம் வையுங்கள். அதை வடித்துவிட்டு, 1 மோலார் சோடியம் குளோரைடு கரைசலால் 15 நிமிடம் கழுவுங்கள். நீளமான சிஎம்சி சங்கிலி இருக்கும் இடத்தில் சாயம் பிடித்துக்கொண்டு சிவப்பாக இருக்கும். வெட்டப்பட்ட இடத்தில் கழன்று வெளிறிய வளையமாகத் தெரியும். கிராம் சாயச் சோதனைக்குப் பயன்படும் அயோடின் கரைசலை ஊற்றியும் பார்க்கலாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும், செலவும் நச்சும் குறைவு. நிறையத் தட்டுகளைப் பார்க்க வேண்டியிருந்தால் எனக்கு அயோடின்தான் பிடிக்கும்.

வளையத்தின் விட்டத்தைக் காலனியின் விட்டத்தால் வகுத்து எழுதிவைப்பது வழக்கம். ஆனால் இந்த எண்ணை வைத்து "மிகத் திறமையான இனம்" என்று முடிவுக்கு வராதீர்கள். சிஎம்சி என்பது நீரில் கரையும்படி மாற்றப்பட்ட செல்லுலோஸ். அதில் படிகமே இல்லை. எண்டோகுளுக்கனேஸ் மட்டும் இருந்தாலே வளையம் வந்துவிடும். மறுபக்கம், நொதியைத் தன் உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு தாளை நன்றாகச் சிதைக்கும் இனத்துக்கு வளையம் சிறிதாகவே இருக்கலாம். வளையம் பெரிதாக இல்லை என்று அதைத் தூக்கிப் போட்டால் நல்ல இனத்தை இழந்துவிடுவீர்கள். அதனால் வளையம் மங்கலாக உள்ளவற்றையும் அடுத்த படிக்குக் கொண்டுபோங்கள்.

7. காகிதச் சோதனை: முடிவு இங்கேதான்

சோதனைக் குழாயில் 10 மி.லி. டுபோஸ் உப்புக் கரைசல். வாட்மன் எண் 1 வடிதாளில் 1 செ.மீ. அகலம், 6 செ.மீ. நீளமுள்ள துண்டு, ஏறக்குறைய 50 மி.கி. துண்டின் மேல்பாதி நீருக்கு வெளியே நிற்கும்படி வைத்து ஆட்டோகிளேவ் செய்யுங்கள். பாக்டீரியாவைக் கழுவி, ஊடகத்தின் சர்க்கரை ஒட்டாமல் சேருங்கள். ஆட்டாமல் 30 டிகிரியில் வையுங்கள். ஒவ்வொரு இனத்துக்கும் மூன்று குழாய்கள், பாக்டீரியா இல்லாமல் மூன்று குழாய்கள்.

பெரும்பாலும் நீர்மட்டத்தை ஒட்டிய இடத்தில்தான் முதலில் தெரியும். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான். முதலில் அந்தக் கோட்டில் மஞ்சள் அல்லது சாம்பல் நிறப் படலம். பிறகு தாள் கண்ணாடிபோல் மெலிந்து, நார்கள் தனித்தனியாகத் தெரியும். குழாயை விரலால் லேசாகத் தட்டினால் மேல்பாதி மடிந்து உள்ளே விழும். 7, 14, 21 ஆகிய நாட்களில் தட்டிப் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். 21 நாளிலும் துண்டு விறைப்பாக நின்றால், தட்டில் எவ்வளவு பெரிய வளையம் போட்டிருந்தாலும் அதைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளுங்கள்.

எண் வேண்டும் என்பவர்கள் டிஎன்எஸ் முறையில் வெளிவரும் சர்க்கரையை 540 நானோமீட்டரில் அளக்கலாம். இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். நொதியின் திறனை ‘வடிதாள் அலகு’ என்ற நிலையான அளவில் சொல்ல, ஒரு மணி நேரத்தில் 2 மி.கி. குளுக்கோஸ் வெளிவர வேண்டும். பாக்டீரியாவின் வளர்ப்பு நீர் பெரும்பாலும் அந்த அளவை எட்டாது. எட்டாதபோது அந்த அலகில் எழுதக் கூடாது, வெளிவந்த சர்க்கரையின் அளவை அப்படியே எழுதுங்கள். அந்த முறை பூஞ்சை நொதிக்காக பிஎச் 4.8-இல் அமைந்தது. உங்கள் பாக்டீரியா நடுநிலையில் வாழ்வது என்றால் பிஎச் 7-இலும் அளந்து பாருங்கள். நீரில் மட்டுமல்லாமல், செல்களிலும் தாளிலும் ஒட்டியிருக்கும் நொதியையும் சேர்த்து அளப்பது நல்லது.

8. லிக்னினும் வேண்டுமா?

மரத்தின் லிக்னினைச் சிதைப்பதில் வெண்ணழுகல் பூஞ்சைகள்தான் முன்னிலையில் இருக்கின்றன. பாக்டீரியாவில் ரோடோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோமைசஸ், சூடோமோனாஸ் இனங்கள் ஓரளவு செய்யும். அஷூர் பி சாயத்தை அகாரில் கலந்து, நிறம் போகிறதா என்று பார்ப்பது எளிய வழி. காலனியே நீலமாகிவிட்டால் அது சாயத்தை உறிஞ்சிக்கொண்டது என்று பொருள், சிதைக்கவில்லை. கடையில் வாங்கும் கிராஃப்ட் லிக்னினில் (காகிதக் கூழ் தயாரிப்பில் பிரியும் லிக்னின்) சிறு மூலக்கூறுகள் கலந்திருக்கும். அவற்றைத் தின்றே பாக்டீரியா வளரும் என்பதால், வளர்ச்சியை மட்டும் சான்றாகக் காட்டாதீர்கள். முதல் புராஜெக்ட்டில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

9. பெயர், சேமிப்பு, பதிவு

காகிதச் சோதனையில் தேறிய இனங்களை மட்டும் மரபணு வரிசையைப் படிக்க (வரிசைப்படுத்த) அனுப்புங்கள். பாக்டீரியாவை அடையாளம் காணப் பயன்படும் 16 எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு ஏறக்குறைய 1500 எழுத்து நீளம். அதைப் பெருக்க 27 எஃப், 1492 ஆர் என்ற பிரைமர்கள் (தொடக்க டிஎன்ஏ துண்டுகள்) போதும். ஒரு பக்கம் மட்டும் படித்தால் பாதிக்குச் சற்று அதிகம்தான் தெளிவாக வரும் என்பதால் இரண்டு பக்கமும் படிக்கச் சொல்லுங்கள். வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்ட் தேடலில் முதலில் வரும் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வகைமாதிரி இனங்களோடு (ஒவ்வொரு பெயருக்கும் அடையாளமாக வைக்கப்பட்ட மூல வளர்ப்புகள்) மட்டும் ஒப்பிடுங்கள். பேசில்லஸ் சப்டிலிஸ் குழுவில் 16 எஸ் மட்டும் வைத்து இனத்தைப் பிரிக்க முடியாது. அங்கே "பேசில்லஸ் இனம்" என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை.

வரிசையை ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் பதிவு செய்து எண் வாங்குங்கள். புதிய இனம் என்று அறிவிக்கும் எண்ணம் இருந்தால், இரண்டு வெவ்வேறு நாடுகளின் வளர்ப்புச் சேமிப்பகங்களில் அதை ஒப்படைத்துச் சான்று பெற வேண்டும். ஒவ்வொரு இனத்துக்கும் கிளிசரால் குப்பிகள், முடிந்தால் இரண்டு தனித்தனி ஃப்ரீசரில்.

10. செலவும் காலமும்

உப்பு, சிஎம்சி, வடிதாள், அயோடின் எல்லாம் சேர்ந்தாலும் சிறு தொகைதான். தட்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட அகாரின் செலவு ஏறும். பெரிய செலவு வரிசைப்படுத்தலில் வரும், அதற்கு மாதிரிக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். வளையம் வந்த எல்லாவற்றையும் அனுப்பினால் பாதிக்கு மேல் ஒரே இனத்துக்குத் திரும்பத் திரும்பக் கட்டியதாக முடியும். காகிதச் சோதனை அந்தப் பணத்தை மிச்சப்படுத்தும். சைக்ளோஹெக்சிமைடு, தூய நொதிகள் ஆகியவற்றைப் பக்கத்து ஆய்வகத்தோடு பங்கிட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

காலத்தை இப்படிப் போட்டுக்கொள்ளுங்கள்: தூண்டிலுக்கு ஒரு மாதம், செறிவூட்டலுக்கு ஒரு மாதத்துக்கு மேல், தட்டுக்கும் தூய்மைப்படுத்தலுக்கும் ஒரு மாதம், காகிதச் சோதனைக்கு மூன்று வாரம், வரிசைப்படுத்தி முடிவு வர இரண்டு வாரம். தூண்டிலைத் தவிர்த்தால் ஏறக்குறைய நான்கு மாதம், சேர்த்தால் ஐந்து. அனுமதிக்குக் காத்திருக்கும் நாள் இதில் இல்லை. அந்த நாட்களில் ஊடகத்தைத் தயாரித்து, கன்ட்ரோல் தட்டுகளில் எதுவும் வளர்கிறதா என்று சரிபார்த்து முடித்துவிடலாம்.